மறைக்கப்படாத கைம்முறை: யோசேப்பு பென்னெலும் பேனாச் சித்திரக் கலையும்

கைத்தொழில் எதுவாயினும் அதன் நுட்பங்களைக் குடும்பத்துள்ளும் குழுவினுள்ளும் பொதிந்து வைத்தல் உலக வழக்காகும். பொற்கொல்லன் பொடி வைத்து ஊதும் பக்குவத்தையும், வைத்தியன் செந்தூரத்துக்குப் புடமிடும் அளவையும் அயலார்க்கு எளிதில் உரைப்பதில்லை. தந்தை தன் மகனுக்கு அந்திம காலத்திற் சொல்லிச் சென்ற நுட்பங்கள் சில. சொல்லாமலே உடன் கொண்டு சென்றவை பல. இதனைப் பேராசை என்று மட்டும் இகழ்தல் பொருந்தாது. தொழில் நுட்பமே முதலாகவும் ஊதியமாகவும் இருந்த காலத்தில், அதனை வெளியிடுதல் அடுத்த வேளைச் சோற்றை அயலான் இலையில் இடுதலை ஒக்கும்.

இவ்வழக்குக்கு மாறாக, தானும் தன் காலத்தவரும் கையாண்ட முறைகளையெல்லாம் ஒளிவுமறைவின்றி எழுதி, அச்சிட்டு, விரும்பியோர் கற்றுக்கொள்க என விட்ட சித்திரகாரர் ஒருவரின் வரலாற்றை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும். அவர் யோசேப்பு பென்னெல் என்னும் அமெரிக்கர். 1889ஆம் ஆண்டில் இலண்டனில் மக்மிலன் நிறுவனத்தார் வெளியிட்ட அவரது பெருநூல், பேனாச் சித்திரத்தையும் அதனை வரைவோரையும் அவர்தம் முறைகளையும் பற்றியது. அந்நூல் ஏன் அக்காலத்தில் எழுந்தது, அதனால் வாழ்வு பெற்றோர் யாவர், வாழ்விழந்தோர் யாவர் என்னும் வினாக்களுக்கு விடை காணும்போது, கல்வி கற்பிப்போர்க்கும் கற்போர்க்கும் பயன்படும் உண்மையொன்று புலனாகும்.

மரச்செதுக்குநர் காலம்

பேனாவும் மையும் பழமையானவை. ஐரோப்பிய மறுமலர்ச்சிக் கால ஓவியரும் பேனாவால் வரைந்தனர். எனினும், அவர்களுட் பெரும்பாலோர்க்குப் பேனாச் சித்திரம் பின்னர் தீட்டவிருக்கும் ஓவியத்துக்கான குறிப்பேயன்றி முடிந்த கலைப்பொருள் அன்று. புத்தகத்தில் அச்சிட்டுப் பல்லாயிரவர் காண்பதற்கெனவே பேனாவால் வரைதல் என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வளர்ந்த வழக்கமாகும். அதற்குமுன் சித்திரகாரனுக்கும் வாசகனுக்கும் இடையே மற்றொருவன் நின்றான். அவனே மரச்செதுக்குநன்.

செப்புத் தகட்டிற் பள்ளமாகக் கீறிய படங்களை எழுத்தச்சுக்களுடன் ஒருங்கே வைத்து அச்சிடுதல் இயலாது. பள்ளத்தில் நிற்கும் மையை எடுப்பதற்குத் தனிப்பொறியும் மிகுந்த அழுத்தமும் வேண்டும். மேடாக நிற்கும் கோட்டில் மை படியுமாறு செதுக்கிய மரக்கட்டையையோ எழுத்தச்சுக்களின் நடுவே பொருத்தி ஒரே முறையில் அச்சிடலாம். இங்கிலாந்திலே நியூக்காசில் நகரில் வாழ்ந்த தோமஸ் பியூவிக் (1753–1828) என்பார், கடினமான பெட்டி மரத்தின் குறுக்குவெட்டு முகத்தில், செப்புக்கீறும் உளியைக் கொண்டு நுண்ணிய கோடுகளைச் செதுக்கும் முறையைச் செம்மைப்படுத்தினார். 1790ஆம் ஆண்டில் வெளிவந்த நாற்கால் விலங்குகள் பற்றிய நூலும், 1797ஆம், 1804ஆம் ஆண்டுகளில் வெளிவந்த பறவைகள் பற்றிய நூலும் அவர் கைத்திறனுக்குச் சான்றுகளாகும். பியூவிக் தாமே வரைந்து தாமே செதுக்கியமையால் அவருடைய கோடு அவருடையதாகவே இருந்தது.

காலம் செல்லச் செல்ல இவ்விரு தொழில்களும் பிரிந்தன. 1841ஆம் ஆண்டிற் பஞ்ச் சஞ்சிகையும், 1842ஆம் ஆண்டில் இல்லஸ்திரேட்டட் லண்டன் நியூஸ் என்னும் வாரப்பத்திரிகையும் தோன்றியபின், வாரந்தோறும் படங்கள் வேண்டப்பட்டன. சித்திரகாரன், வெண்பூச்சுப் பூசிய கட்டையின்மேல் நேரே வரைவான். அச்சிடும்போது இடம் வலமாக மாறுமாதலின், வலக்கையில் வாளேந்திய வீரனை இடக்கையில் வாளேந்தியவனாக வரைதல் வேண்டும். பின்னர் அக்கட்டை செதுக்குகூடத்துக்குச் செல்லும். பெரிய படமாயின் பல சிறு கட்டைகளைத் திருகாணிகளால் இணைத்து, வரைந்தபின் பிரித்து, ஒவ்வொரு துண்டை ஒவ்வொருவன் செதுக்குவான். மீண்டும் இணைத்தபின் தலைமைச் செதுக்குநன் பொருத்து வாய்களைச் சரிசெய்வான். இரவு முழுவதும் விளக்கொளியிற் கண் வருந்த உழைத்த அத்தொழிலாளர் பலரின் பெயர்கள் எங்கும் பதிவு பெறவில்லை.

இம்முறையிற் சித்திரகாரனுக்கு நேர்ந்த இழப்புக்கள் இரண்டு. முதலாவது, அவன் வரைந்த மூலம் செதுக்கும்போதே அழிந்தது. எஞ்சியது செதுக்குநன் விளங்கிக்கொண்ட வடிவம் மட்டுமே. இரண்டாவது, பிழை யாருடையது என்று காட்டுதற்குச் சான்று இல்லாமற்போனது. 1857ஆம் ஆண்டில் வெளிவந்த தெனிசன் கவிதைப் பதிப்புக்குப் படம் வரைந்த தாந்தே கபிரியேல் றொசெற்றி, தம் படங்கள் கெட்டன எனச் செதுக்குநரை நொந்துகொண்டார். செதுக்குநரான டல்சியேல் சகோதரரோ, பென்சில், மை, நீர்வண்ணம் முதலியவற்றையெல்லாம் ஒரே கட்டையில் அவர் கலந்து வரைந்தால் எந்த உளி அதனைப் பின்பற்றும் என வருந்தினர். கட்டையில் இருந்த வரைவு அழிந்துவிட்டமையால், இவ்வழக்கில் நடுநிலைத் தீர்ப்புக் கூறுதல் எவர்க்கும் எளிதன்று.

இவ்விடர்ப்பாட்டை உறுதியோடு எதிர்த்தவர் ஜேர்மானியரான அடோல்ப் மென்செல் (1815–1905) ஆவர். பிரசிய மன்னன் மகா பிரெடரிக்கின் வரலாற்றைக் குக்ளர் எழுத, 1840ஆம் ஆண்டு முதல் 1842ஆம் ஆண்டு வரை பகுதி பகுதியாக வெளிவந்த அந்நூலுக்கு ஏறக்குறைய நானூறு படங்களை மென்செல் வரைந்தார். முதலிற் சில கட்டைகள் பாரிசு நகருக்கு அனுப்பப்பட்டன. செதுக்கப்பட்டு வந்தவை அவர்க்கு நிறைவளிக்கவில்லை. பின்னர் அவர் பேர்லின் செதுக்குநரைத் தம் கோட்டை அவ்வாறே பின்பற்றுமாறு பயிற்றினார். ஆயினும், ஒருவர் மேற்பார்வையில் ஓரிரு செதுக்குநரைப் பயிற்றலாமேயன்றி, உலகத்துச் செதுக்குநர் அனைவரையும் பயிற்றுதல் ஆகுமோ?

ஒளியும் அமிலமும்

விடை மனிதனிடமிருந்து வரவில்லை, இரசாயனத்திலிருந்து வந்தது. பாரிசு நகரத்துப் பிர்மின் கில்லோ என்பார் 1850ஆம் ஆண்டில், நாகத் தகட்டில் ஏற்றிய படத்தை அமிலத்தால் அரித்து மேட்டுக்கோடாக்கும் முறையைக் கண்டார். 1870களில் அவர் மகனான சாள்ஸ் கில்லோ அதனுடன் புகைப்பட முறையை இணைத்தார். முறை வருமாறு: தாளில் மையால் வரைந்த சித்திரத்தைப் புகைப்படக் கருவியாற் படம் பிடித்தல் முதற்படி. ஒளிபட்டால் இறுகும் பசையொன்றைப் பூசிய நாகத் தகட்டின்மேல் அதன் எதிர்த்தகட்டை வைத்து ஒளி பாய்ச்சுதல் இரண்டாம்படி. எதிர்த்தகட்டிற் கோடுகள் தெளிந்த கண்ணாடியாக இருத்தலால், அவற்றின் வழியே ஒளி புகுந்த இடங்களிற் பசை இறுகும். ஏனைய இடங்களிற் கழுவுண்டு போகும். இறுகிய கோடுகளுக்கு மையாலும் பிசினாலும் காப்பிட்டுத் தகட்டை நைத்திரிக்கமிலத்தில் இடுதல் மூன்றாம்படி. காப்பில்லாத இடங்களை அமிலம் அரித்துத் தாழ்த்த, சித்திரகாரனின் கோடுகள் மட்டும் மேடாக நிற்கும். அத்தகட்டை மரத்தில் அறைந்து எழுத்தின் உயரத்துக்குச் சமமாக்கினால் அச்சுப்பாளம் ஆயத்தமாகும். நம் அச்சகத்தார் 'புளொக்' என வழங்கியது இதனையே.

இம்மாற்றத்தின் பயன் பெரிது. சித்திரம் தாளிலேயே நிலைத்தது. இடம் வலம் மாற்றி வரையும் தொல்லை ஒழிந்தது. வேண்டிய அளவு பெரிதாக வரைந்து அச்சிற் சிறிதாக்கிக்கொள்ளல் இயன்றது. எல்லாவற்றுக்கும் மேலாக, வாசகன் காணும் கோடு சித்திரகாரன் கையிலிருந்து வந்த கோடேயாயிற்று. உரிமை வந்தவிடத்துப் பொறுப்பும் வந்தது. 'செதுக்குநன் கெடுத்தான்' என்று சொல்லித் தப்புவதற்கு இனி இடமில்லை. கோடு தடுமாறினால் அஃது அவனுடைய தடுமாற்றமே.

இந்நிலையில் ஒரு வெற்றிடம் உண்டாயிற்று. செதுக்குகூடத்திலே பல ஆண்டு பயிலும் முறை இருந்தது. தாளிற் பேனாவால், நாகத் தகட்டை மனத்திற் கொண்டு வரைதற்கோ ஆசானும் இல்லை, நூலும் அரிது. இவ்வெற்றிடத்தை நிரப்பவே பென்னெல் முற்பட்டார்.

பென்னெலும் அவர் நூலும்

பென்னெல் 1857ஆம் ஆண்டிற் பிலடெல்பியா நகரிற் பிறந்தவர். குவேக்கர் மரபினர். பென்சில்வேனியா நுண்கலைக் கழகத்திற் பயின்று, அமெரிக்கச் சஞ்சிகைகளுக்கு நகரக் காட்சிகளை வரைந்து பெயர் பெற்றார். 1883ஆம் ஆண்டில் செஞ்சுரி சஞ்சிகையின் பொருட்டு இத்தாலி சென்று, எழுத்தாளர் ஹவெல்சின் கட்டுரைகளுக்குப் படம் வரைந்தார். 1884ஆம் ஆண்டில் எழுத்தாளரான எலிசபெத் றொபின்சை மணந்து, இலண்டனைத் தம் இருப்பிடமாகக் கொண்டார். தம் கருத்தைத் தயங்காது கூறுபவர். அதனாற் பகைவரையும் தேடிக்கொண்டவர்.

அவருடைய நூலின் அமைப்பு நோக்கற்பாலது. ஸ்பெயின், ஜேர்மனி, பிரான்சு, இங்கிலாந்து, அமெரிக்கா என நாடு நாடாகப் பகுத்து, அவ்வந்நாட்டுச் சிறந்த பேனாச் சித்திரங்களை அச்சிட்டுக் காட்டி, கோடு எவ்வாறு செல்கின்றது, வெண்மை எங்கே விடப்பட்டது, கருமை எங்கே குவிக்கப்பட்டது என விளக்குகின்றார். இறுதியிற் கருவிகள், வரையும் முறை, அச்சுப்பாளம் செய்யும் முறை ஆகியவற்றைத் தனித்தனி அதிகாரங்களிற் கூறுகின்றார். 'அழகு யாது?' என்னும் தத்துவ வினாவிலே தொடங்கி அங்கேயே முடியும் கலைநூல்கள் பல. 'இந்தச் சாளரத்தின் நிழல் எத்தனை கோட்டால் ஆயது?' எனக் கேட்பது பென்னெலின் நூல். தம்மை மட்டும் எடுத்துக்காட்டாக நிறுத்தாமல், தம்மினும் சிறந்தோர் எனத் தாம் மதித்தவர்களை முன்னே நிறுத்தியமை அவர் நேர்மைக்குச் சான்றாகும்.

அவ்வாறு அவர் போற்றியவர்களுள் தானியேல் வியேர்ஜ் (1851–1904) முதன்மையானவர். மத்திரிது நகரிற் பிறந்து பாரிசிற் பணியாற்றிய வியேர்ஜ், கெவேதோ என்னும் ஸ்பானிய ஆசிரியரின் பாப்லோ தெ செகோவியா கதைக்குப் பேனாச் சித்திரங்கள் வரைந்தார். 1882ஆம் ஆண்டில் வெளிவந்த அந்நூலின் படங்கள் கில்லோவின் முறையால் அச்சேறின. ஸ்பெயினின் கடும் வெயிலைக் காட்டுதற்கு வியேர்ஜ் கோடுகளைக் கூட்டவில்லை, குறைத்தார். வெறுந்தாளே வெயிலாயிற்று. சுவரோரம் சிறிய நிழலொன்று, தொப்பியின்கீழ்க் கருமையொன்று, அவ்வளவே. அப்பணி முற்றுப்பெறுமுன் பாரிசவாதம் அவர் வலப்பக்கத்தைத் தாக்கியது. முப்பது வயதளவில் வலக்கையை இழந்த அச்சித்திரகாரர் இடக்கையாற் கோடிழுக்கக் குழந்தைபோற் பழகி, மீண்டும் வரைந்தார். 1892ஆம் ஆண்டில் இக்கதையின் ஆங்கிலப் பதிப்பு வெளிவந்தபோது வியேர்ஜின் கலையைப் பற்றிய முன்னுரையை எழுதியவர் பென்னெலே.

காரணத்தோடு கூடிய விதிகள்

பென்னெலும், அவரை அடுத்து எழுதிய பிறரும் வெளிப்படுத்திய கைம்முறைகளை ஈண்டுச் சிறிது விரித்துரைத்தல் தகும். ஒவ்வொரு விதிக்கும் பின்னே ஒரு காரணம் நிற்றலே அவற்றின் சிறப்பாகும்.

முதலாவது மை. கோட்டு அச்சுப்பாளம் கருமை, வெண்மை என்னும் இரண்டையன்றி வேறொன்றையும் அறியாது. சாம்பல் நிறக் கோட்டை அது பிடிக்கவும் கூடும். துண்டு துண்டாக விடவும் கூடும். ஆதலால் மையை நீரால் இளக்குதல் ஆகாது. தொலைவிலுள்ள மலையையும் முழுக்கருமையான மையினாலேயே வரைதல் வேண்டும். மெல்லிய நிறம் வேண்டுமாயின் கோட்டை மெல்லியதாக்குக. அல்லது இடைவெளியைக் கூட்டுக. புகைக்கரியும் பசையும் சேர்ந்த அந்த மையை ஆங்கிலேயர் 'இந்திய மை' என்பர். பிரெஞ்சுக்காரர் 'சீன மை' என்பர். பெயரில் வேறுபட்ட இரு சாராரும் கருமையில் ஒன்றுபட்டனர்.

இரண்டாவது பேனாமுனை. பத்தொன்பதாம் நூற்றாண்டிற் பேர்மிங்காம் நகரம் உருக்குப் பேனாமுனைகளை உலகெங்கும் அனுப்பியது. அங்கு யோசேப்பு கில்லற் என்பார் நிறுவிய தொழிற்சாலையின் நுண்முனைகள் சித்திரகாரர் பலர்க்கும் உகந்தவை. காக்கை இறகின் பெயரால் வழங்கிய மிகச் சிறிய முனையும் இருந்தது. மெல்ல அழுத்தினால் மயிர்க்கோடும், சற்றே அழுத்தினாற் பருங்கோடும் தரும் வளைவுதன்மையே முனைக்கு இலக்கணம். தாள் வழுவழுப்பாகவும் கெட்டியாகவும் வெண்மையாகவும் இருத்தல் வேண்டும். நார் எழும்பும் தாளில் முனை சிக்கும், மை பரவும், புகைப்படத்தில் அப்பரவல் அழுக்காகத் தோன்றும்.

மூன்றாவது அளவு. அச்சில் வருவதிலும் பெரிதாக வரைந்தால் கைந்நடுக்கம் ஒடுங்கும்; கோடு கூர்மை பெறும். ஆனால், நெருங்கிய கோடுகளின் இடைவெளியும் உடன் ஒடுங்குமாதலின், அங்கே மை அடைத்துக் கருந்திட்டாகும். எனவே வரையும்போதே, ஒடுங்கியபின் இது எவ்வாறு நிற்கும் என அகக்கண்ணாற் காணுதல் வேண்டும். அச்சிடும் தாளும் பொறியும் மட்டமாயின் இடைவெளியை மேலும் அகலவிடுதல் அறிவுடைமை.

நான்காவது கோட்டின் திசை. உருண்ட தூணுக்கு வளைகோடு. மட்டமான நிலத்துக்குக் கிடைகோடு. சுவருக்கு அதன் கல்லடுக்கு நோக்கிய கோடு. கோடு நிறத்தை மட்டுமன்றிப் பொருளின் வடிவையும் உடன் சொல்லுதல் வேண்டும். எங்கும் ஒரே குறுக்குப் பின்னலைப் பின்னினால் துணியும் கல்லும் முகமும் ஒன்றாகிவிடும்.

ஐந்தாவது திருத்தம். தப்பிய கோட்டை வெள்ளை வண்ணத்தால் மூடலாம், கத்தியாற் சுரண்டலாம். அக்காலப் புகைப்படத் தகடு நீலத்தை வெண்மையாகவே கொண்டதாதலின், மெல்லிய நீலப் பென்சிலால் முன்வரைவு செய்தால் அதனை அழிக்கவும் வேண்டா. எனினும் எத்திருத்தத்தினும் சிறந்தது, முனையைத் தாளில் வைக்குமுன் சிந்தித்தலே. பென்சிற் கோட்டை அழிக்கலாம்; மைக்கோடு நின்று சாட்சி சொல்லும்.

இவ்விதிகள் மந்திரங்கள் அல்ல. ஏன் என்று கேட்டால் விடை தரும் விதிகள். இத்தகைய விதி, கற்பவனை அடிமையாக்காது. காரணம் மாறுமிடத்து விதியை மாற்றும் உரிமையையும் அவனுக்கு உடன் அளிக்கும்.

வாழ்விழந்தோர் வழக்கு

வரலாற்றை ஒரு பக்கம் நின்று நோக்குதல் முறையன்று. பென்னெலின் நூல் வெளிவந்த அதே 1889ஆம் ஆண்டில் மரச்செதுக்குக் கலையின் பேராசான்களைப் பற்றி மற்றொரு பெருநூல் வெளிவந்தது. அதனை ஆக்கியவர் வில்லியம் யேம்ஸ் லின்டன் (1812–1897). இலண்டனிற் பிறந்த செதுக்குநர், கவிஞர், தொழிலாளர் வாக்குரிமைக்காகப் போராடிய சார்ட்டிசக் கட்சியினர். பின்னர் அமெரிக்காவிற் குடியேறினார். செதுக்குநன் பிறர் கோட்டை ஒற்றியெடுக்கும் பொறியல்லன், உளியாற் சிந்திக்கும் கலைஞன் என்பது அவர் கொள்கை. பியூவிக்கின் வெண்கோட்டை அவர் அதற்குச் சான்றாகக் காட்டினார். ஒரே ஆண்டிற் பிறந்த இரு நூல்களுள் ஒன்று பிறப்பு வாழ்த்துப் போலவும், மற்றது இரங்கலுரை போலவும் நமக்குத் தோன்றுகின்றது.

இரங்குதற்குக் காரணமும் இருந்தது. அரை நூற்றாண்டு காலம் ஆங்கிலப் புத்தகங்களுக்குப் படம் செதுக்கியவர்களும், 1865ஆம் ஆண்டின் அலிசு கதைக்குத் தெனியேல் வரைந்தவற்றைச் செதுக்கியவர்களுமான டல்சியேல் சகோதரரின் நிறுவனம் 1893ஆம் ஆண்டில் நொடித்தது. அமிலம் மலிவானது, உறங்காதது, கூலி உயர்வு கேளாதது. சித்திரகாரன் பெற்ற விடுதலைக்கு விலை கொடுத்தவன் செதுக்குநன் என்பதை நாம் மறத்தலாகாது.

கூட்டு உழைப்பு இழிவன்று என்று வாதித்தோரும் இருந்தனர். வில்லியம் மொறிஸ் 1891ஆம் ஆண்டிற் கெல்ம்ஸ்கொற் அச்சகத்தைத் தொடங்கி, மரச்செதுக்கையே போற்றினார். 1896ஆம் ஆண்டில் அங்கு அச்சான சோசரின் நூலுக்குப் பேர்ன்-யோன்ஸ் பென்சிலால் வரைந்தவை எண்பத்தேழு படங்கள். அவற்றின் புகைப்படப் பிரதிகளின்மேல் மையாற் கோடிட்டவர் கற்றர்சன்-சிமித். மரத்திற் செதுக்கியவர் ஹூப்பர். மூவர் கை சேர்ந்து ஒரு படமாயிற்று. புகைப்படத்தை வெறுத்தோரும் அதன் உதவியை முற்றாக நீக்கவில்லை என்பதும் இதனாற் பெறப்படும்.

ஆயினும் வெற்றி அச்சுப்பாளத்துக்கே கிட்டியது. 1893ஆம் ஆண்டு ஏப்பிரலில் வெளிவந்த ஸ்டூடியோ சஞ்சிகையின் முதல் இதழிற் பென்னெல் ஒரு புதிய சித்திரகாரனை உலகுக்கு அறிமுகஞ் செய்தார். காப்புறுதிக் கந்தோர் ஒன்றிற் கிளாக்கராக இருந்து, ஓய்வு வேளைகளிற் படம் வரைந்த ஓப்ரி பியர்ட்ஸ்லி (1872–1898) அவர். பியர்ட்ஸ்லி, ஆதர் மன்னன் கதைக்கு வரைந்த படங்களிற் கெல்ம்ஸ்கொற் நூல்களின் தோற்றத்தை, செதுக்குநன் உதவியின்றி, நாகத் தகட்டாலேயே உண்டாக்கினார். சாம்பலை அறியாத பாளத்தின் குறையையே அவர் நிறைவாக்கிக்கொண்டார்: பெருங்கருமை, பெருவெண்மை, இடையே ஒரு மயிர்க்கோடு. இருபத்தைந்து வயதிற் காசநோயால் இறந்த அவ்விளைஞரின் கோட்டைப் பல நாட்டவரும் பின்பற்றினர்.

பேனாச் சித்திரகாரரின் வெற்றியும் நிலைக்கவில்லை. 1880களில் மைசன்பாக், ஐவ்சு முதலியோர் செம்மைப்படுத்திய புள்ளித்திரை முறையாற் புகைப்படமே நேராக அச்சேறத் தொடங்கியது. செதுக்குநனை வீட்டுக்கு அனுப்பிய அதே புகைப்படக் கருவி, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திற் செய்திப்படம் வரைந்த பேனாக்காரனையும் வீட்டுக்கு அனுப்பியது. காலச் சக்கரம் ஒருவரிடத்தும் கண்ணோட்டம் காட்டுவதில்லை.

பிழையிற் பிறந்த பாணி

இவ்விடத்திற் சுவையான நிகழ்ச்சியொன்றைக் குறிப்பிடல் வேண்டும். அமெரிக்காவில் இந்தியானா மாநிலத்துக் கமக்காரக் குடும்பமொன்றிற் பிறந்த பிராங்கிளின் பூத் (1874–1948) சிறுவயதிலே சஞ்சிகைப் படங்களைப் பார்த்துப் பேனாவால் வரையப் பழகினார். அவர் பார்த்தவை மரச்செதுக்குப் படங்கள். அவரோ அவற்றைப் பேனாச் சித்திரங்கள் எனவே எண்ணினார். சொல்லித்தருவார் அருகில் இல்லை. ஆகவே செதுக்குநன் உளியால் உண்டாக்கிய ஆயிரமாயிரம் இணைகோடுகளைப் பேனாவினாற் போடக் கற்றார். பின்னர் உண்மையை அறிந்தபோது, அப்பிழையே அவருக்கெனத் தனிப்பாணியாகிவிட்டது. ஓங்கிய மேகங்களும் மாபெரும் மரங்களும் நுண்கோடுகளால் ஒளிவிடும் அவர் சித்திரங்களில், வாழ்விழந்த செதுக்குநன் மீண்டும் உயிர்த்தான் எனலாம்.

1928ஆம் ஆண்டில் ஆதர் கப்டில் என்பார் பேனாவாலும் மையாலும் வரைதல் பற்றி ஒரு பயிற்சி நூலை வெளியிட்டபோது, அதற்கு முன்னுரை வழங்கியவர் பூத்தே ஆவர். கட்டடக்கலை பயின்ற கப்டில், பென்னெல் தொடங்கிய வழியைப் பாடசாலை மாணவனும் நடக்கத்தக்க படிகளாக அமைத்தார்: முதலில் நேர்கோடு, பின்னர் நிறப்படிகள், பின்னர் ஒரே பொருளைப் பல முறைகளில் வரைதல். ஆசானின்றி இருளிற் பயின்ற ஒருவர், ஆசானாக அமையும் நூலொன்றுக்கு வாயில் திறந்து வைத்தமை எண்ணி மகிழ்தற்குரியது.

நம் நாட்டோடு தொடர்பு

இவ்வரலாறு நமக்கு முற்றிலும் அயலானதன்று. கொழும்பிற் பிறந்த கலாயோகி ஆனந்த குமாரசுவாமி (1877–1947), கண்டிய நாட்டுக் கைவினைஞரின் தொழில்களையும் முறைகளையும் நேரிற் கண்டு, மத்தியகாலச் சிங்களக் கலை என்னும் பெருநூலைக் கோட்டுப்படங்களோடும் புகைப்படங்களோடும் ஆக்கினார். 1908ஆம் ஆண்டில் இங்கிலாந்திலே புரோட் கம்டன் என்னும் ஊரில் அந்நூல் அச்சிடப்பட்ட கையச்சுப்பொறி, மொறிசின் சோசரை அச்சிட்ட அதே பொறியாகும். பென்னெல் தோன்றும் கலையொன்றின் முறையை எழுதினார். குமாரசுவாமி மறையும் கலைகளின் முறையை எழுதினார். கருத்தாற் பல இடங்களில் மாறுபடக்கூடிய இருவரும், கைம்முறை எழுதப்படாவிடில் அழியும் என்ற உணர்வில் ஒன்றுபட்டனர்.

கோட்டுச் சித்திரம் தமிழ்ச் சஞ்சிகைகளிலும் செழித்தது. சில்பி என்னும் புனைபெயர் கொண்ட பி. எம். சீனிவாசன் (1919–1983), தென்னாட்டுக் கோயில்தோறும் சென்று, தூணிலும் கோபுரத்திலும் நின்ற சிற்பங்களைக் கோடுகளால் வடித்தார். அவை ஆனந்த விகடனில் வெளிவந்து, கோயிலைக் கண்டிராதார் வீட்டுத் திண்ணைக்கும் சிற்பத்தைக் கொணர்ந்தன.

முடிவுரை

பென்னெல் 1894ஆம் ஆண்டிலே தம் நூலை விரித்து மறுபதிப்புச் செய்தார். பின்னர் இலண்டன் சிலேட் கலைப் பாடசாலையிற் புத்தகச் சித்திரம் பற்றி விரிவுரை நிகழ்த்தி, அவற்றை 1896ஆம் ஆண்டில் மாணவர்க்கான கைந்நூலாக்கினார். முதல் உலக யுத்த காலத்தில் அமெரிக்கா மீண்டு, நியூயோர்க்கிற் கலை மாணவர் கழகத்திற் கற்பித்து, 1926ஆம் ஆண்டிற் காலமானார். முறைகளை வெளியிட்டதால் அவர் வறியவராகவில்லை. அவர் நூலைக் கற்றோர் பலராயினும், அவருடைய கோட்டை எவரும் திருடிவிடவில்லை. ஏனெனில், எழுத்தில் தரத்தக்கது முறை. தரமுடியாதது கண்ணும் கையும். முறையை ஒளித்து வைப்போர் இவ்விரண்டின் வேறுபாட்டை உணராமையினாலேயே அஞ்சுகின்றனர்.

நாகத் தகடும் அமிலத் தொட்டியும் அச்சகங்களை விட்டு அகன்றுவிட்டன. இன்று சித்திரத்தைக் கணினி படிக்கின்றது. சாம்பலும் வண்ணமும் அதற்குத் தடையல்ல. ஆகவே மையை இளக்காதே என்ற விதியின் காரணம் மறைந்தது, விதியும் தளர்ந்தது. கோடு பொருளின் வடிவைச் சொல்லுதல் வேண்டும் என்ற விதியின் காரணமோ மறையவில்லை. ஆதலின் அவ்விதியும் நிற்கின்றது. இவ்விரண்டையும் பிரித்தறிய நம்மால் இயல்வது, அக்காலத்துச் சித்திரகாரர் விதியோடு காரணத்தையும் எழுதி வைத்தமையாலன்றோ?

கற்பிப்போராகிய நாம் ஈண்டுப் பெறத்தக்க பாடமும் இதுவே. விடையை மட்டும் கரும்பலகையில் எழுதி, அவ்விடைக்குத் தாம் வந்த வழியை மறைத்துக்கொள்ளும் ஆசிரியன், பற்றாசின் பக்குவத்தை மறைத்த கொல்லனை ஒப்பான். தடுமாறிய இடம், திருத்திய இடம், சுரண்டிய இடம் ஆகியவற்றையும் மாணவன் காணுமாறு விடுபவனே அவனுக்குத் தொழிலைக் கையளித்தவன் ஆவான். அதன்பின் கோடு மாணவனுடையது. அதன் நேர்மைக்கும் கோணலுக்கும் அவனே பொறுப்பாளி.